பெரிசின் குழாயில் மூன்று தட்டு

கூடத்து வாசலில், இரும்புக் கதவுக்கு நேர் மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு மடிப்பக்காவின் முகம் தொங்குகிறது. படத்தில் அவள் சிரிக்கிறாள். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் அப்படிச் சிரித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. படம் எடுத்தவர் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று பல் பல்லாகத் தவணையில் வாங்கினார். முகத்துக்குக் கீழே 'பல முகங்கள், ஒரே குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நிறுவனம் விளம்பரத்துக்காகச் சொன்ன வார்த்தை. ஆனால் குடும்பம் என்று வந்துவிட்டால் குடும்பத்தில் நடப்பதெல்லாம் நடக்கும்: பழி, பாரபட்சம், மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமலிருப்பது. அந்த வகையில் அந்தப் பலகையில் பொய் எதுவும் இல்லை.

அது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடம். மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் காலையில் மூட்டையாக வரும். சாயங்காலம் அடுக்காகப் போகும். மூட்டைக்குள் என்னென்ன இருக்கும் என்பதைச் சாப்பாட்டு வேளையில் கேட்கக் கூடாது. விரிப்பில் சுருண்டு பல்செட்டு வந்திருக்கிறது. மோதிரம் வந்திருக்கிறது. ஒருமுறை யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் வந்து, ஒருவரும் படிப்பதற்குள் சோப்புத் தண்ணீரில் கரைந்து போனது. மடிப்பக்காவின் புருஷனும் அப்படி ஓர் ஆஸ்பத்திரி விரிப்பில் படுத்து எழுந்திருக்காதவர்தான். அவர் போன மூன்றாம் மாதம், முப்பத்து நாலு வயதில், அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். தங்கையைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தங்கை புருஷனுக்கு வேலை போனபோது அவரையும் இதே கூடத்தில் தள்ளுவண்டி தள்ள ஏற்பாடு செய்து, கடைசியில் அவர்கள் வீட்டின் முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு தகரப் பெட்டியுமாக ஒதுங்கிக்கொண்டாள். இவ்வளவுதான் அவள் வாழ்க்கை வரலாறு. மிச்சமெல்லாம் மடிப்பு.

கூடத்தின் நடுவில் கிடக்கும் இஸ்திரி இயந்திரத்துக்குப் பெயர் பெரிசு. இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் உருளை. அதற்கு அடியில் அடுப்பாகக் கொதிக்கும் இரும்புப் படுகை. முன்பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பைக் கொடுப்பார்கள். பின்பக்கம் சுடச்சுட வருவதை இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். மடிப்பக்கா கடைசி மடிப்பை உள்பக்கமாகத் திருப்பிவிடுவாள். ஏன் என்று கேட்டால் தெரியாது. கை அப்படிப் பழகிவிட்டது. ஆயிரம் விரிப்பு அடுக்கில் அவள் மடித்தது எது என்று அவளால் சொல்ல முடியும்.

பெரிசுக்குப் பாதுகாப்புக் கம்பி ஒன்று உண்டு. கை பட்டால் இயந்திரம் தானாக நின்றுவிட வேண்டும். அது கொசு உட்கார்ந்தாலும் நின்றது. அதனால் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார். அதன் பிறகு எட்டு வருடத்தில் பெரிசு மூன்று பேரிடம் விரல் வாங்கியது.

அப்புறம் ஒருவர்கூட விரல் கொடுக்கவில்லை. அது எப்படி என்பதற்குத்தான் நிறுவனம் ஒரு விழா எடுத்திருக்க வேண்டும்.

நாலு பேர் பெரிசைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள், நாலு மொழியோடு. ஒருவர் மொழி மற்றவருக்கு அரை வார்த்தை தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது. மடிப்பக்கா ஒருத்தி. அவளோடு பின்பக்கம் நின்றவர் கப்பல்காரர். கப்பலின் அடித்தட்டில் எண்ணெயும் கரியுமாக இருபது வருடம் கிடந்தவர். முன்பக்கம் சுரங்கக்காரர், அவர் பக்கத்தில் ரொட்டியம்மா. ரொட்டியம்மாவுக்கு ரொட்டி சுடும் கடையில் முன்பு வேலை. முழங்கை வரை மாவு இறங்கிப்போனது போல வெளுத்த கை.

குழாயில் தட்டிப் பேசுவது கப்பல்காரர் கொண்டுவந்தது. கப்பலின் அடியில் வாய் உதவாது, இரும்புதான் பேசும். அவர் நீராவிக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினால் 'ஓட்டு'. மூன்று தட்டினால் 'நிறுத்து, என் கை உள்ளே இருக்கிறது'. சுரங்கக்காரர் அதன் மேல் ஒரு சட்டம் போட்டார். அவர் ஊர் ஆட்கள் பூமிக்கடியில் தலைமுறை தலைமுறையாகச் செத்துச் செத்துக் கற்றுக்கொண்ட சட்டம் அது: மூன்று தட்டியவர் எவரோ, அவரே வெளியே வந்து ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதுவரை கடவுளே வந்து கேட்டாலும் பெரிசை ஓட்டும் பச்சைப் பொத்தானைத் தொடக் கூடாது. ரொட்டியம்மா கொண்டுவந்தது உள்ளங்கை. மூன்று தட்டுக் கேட்டதும் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி உள்ளங்கையைக் காட்ட வேண்டும். ரொட்டிக் கூடத்தில் மாவு உருட்டும் இயந்திரத்தின் முன் அவர்கள் வழக்கம் அது. மடிப்பக்காவின் பங்கு, இரண்டு தட்டு: 'பொறு'. வேறு மேசையிலிருந்து பெரிசுக்கு மாறிவந்த புதிதில் அவள் மடிப்பு அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மானம் போகாமல் மூச்சு வாங்க ஒரு வழி தேவைப்பட்டது.

இதைப் பேசி முடிக்க அவர்களுக்கு ஒரு மாதச் சாப்பாட்டு வேளை ஆனது. பேச்சு என்றால் கரண்டி, தட்டு, விரல், முறைப்பு. பேசி முடித்த ஏற்பாடு பதினொரு வருடம் தாங்கியது. யாருக்கும் யார் மொழியும் தெரியாததால் யாரும் எதையும் தெரிந்ததாக நினைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் கையை இன்னொருவர் கண்ணால் பார்த்த பிறகே பெரிசு நகர்ந்தது. பன்முகத்தன்மையின் பலன் என்று தடித்த புத்தகத்தில் எழுதுகிறார்களே, அது அந்தக் கூடத்தில் நாற்பது விரலாக, எண்ணிப் பார்க்கும்படி இருந்தது.

ஆனால் புத்தகம் படித்த மேலாளர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். யாரைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்குவார். வந்த மாதமே பன்முகத்தன்மை வாரம் கொண்டாடினார். வாசல் பலகை ஏறியது. அடுத்த மாதம், ஒவ்வொருவரும் அவரவர் தாய்மொழியில் நிம்மதியாக வேலை செய்யட்டும் என்று, எல்லோரையும் மொழிவாரியாக ஷிப்டு பிரித்தார். பன்முகத்தன்மையை இவ்வளவு ஒழுங்காக அடுக்கி, தனித்தனி அலமாரியில் வைத்துப் பூட்டியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கூடவே ஒரு சுற்றறிக்கை: 'குழாய் முதலியவற்றைத் தட்டுவது தொழில்முறை நடத்தை ஆகாது. வாய்விட்டுப் பேசுவோம்.'

உண்மையைச் சொல்ல வேண்டும். மடிப்பக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வேலைநேரத்தில் வாய் வலிக்கப் பேசினாள். தங்கை புருஷனை ஷிப்டுத் தலைவராக்கி, பச்சைப் பொத்தானை அவர் கையில் கொடுத்தார்கள். முன்பக்கம் பக்கத்துத் தெரு அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரிசைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்திப் பேச அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

"அண்ணி, ராத்திரி மீன் கருகிப்போச்சுன்னு உங்க தங்கச்சி என்னைத்தான் திட்டுனா. அடுப்புல வெச்சது அவ!"

"நீங்க பக்கத்துல நின்னீங்கல்ல மாப்பிள்ள. அதுல பாதி கருகியிருக்கும்."

அண்ணன் தம்பி சிரித்தார்கள். பெரிசும் உறுமிச் சிரித்தது போல இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல். கப்பல்காரர் மொழி பேச அந்தக் கூடத்தில் கப்பல்காரர் மட்டும்தான் இருந்தார். ஒற்றை ஆளுக்கு ஒரு ஷிப்டு போட முடியாது. அதனால் எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அவரைப் போட்டார்கள். சட்டைக்குப் பொத்தான் தொலைந்தால் கையில் கிடைத்ததைத் தைப்பது மாதிரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மடிப்பக்கா ஷிப்டில் ஓர் ஆள் குறைந்தது. கப்பல்காரர் வந்து பழைய இடத்தில் நின்றார். அவளைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார். பதினொரு வருடமாக அவர்களுக்குள் வணக்கம் அதுதான்.

மதியம் இரண்டு மணி இருக்கும். விரிப்பு ஒன்று உருளையில் சுற்றிக்கொண்டது. மாப்பிள்ளை சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். கப்பல்காரர் மரக்குச்சியை எடுத்துக்கொண்டு பெரிசின் பின்பக்கக் கோடியில் குனிந்து, உருளைக்கு அடியில் தோள் வரை கையை விட்டார். விடுவதற்கு முன் குழாயில் தட்டினார்.

டங். டங். டங்.

மடிப்பக்காவுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. அப்போது அவள் அவருக்கு முதுகு காட்டி, அடுக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டே, வீட்டுச் சொந்தக்காரர் ஒழுகும் குழாயைப் பார்க்க வந்து அதே தண்ணீரில் வழுக்கி விழுந்த கதையை அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். விழுந்தவர் எப்படி ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தபடியே வாடகையைப் பற்றிப் பேசினார் என்பதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சா?" என்று மாப்பிள்ளை முன்பக்கத்திலிருந்து கத்தினார்.

"ஆச்சு" என்றான் அண்ணன். "ஆச்சு" என்றான் தம்பி.

"ஆச்சு மாப்பிள்ள" என்றாள் மடிப்பக்கா.

அவள் சொன்னது அவள் அடுக்கை. அவர்கள் சொன்னது அவரவர் முனையை. ஒரே மொழிக்காரர்கள் கூடிவிட்டால் அப்படித்தான்; ஒருவருக்கு மற்றவர் பதில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் மொத்தப் பந்தியும் தலையாட்டுவது போல. தட்டில் அந்த வசதி கிடையாது. ஒருவர் தட்டை இன்னொருவர் தட்ட முடியாது.

மாப்பிள்ளை பச்சையை அமுக்கினார்.

கப்பல்காரர் போட்ட சத்தம் எந்த மொழியிலும் இல்லை. எல்லோருக்கும் புரிந்தது.

*

வீட்டில் அன்று விளக்குப் போடவே யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெளிச்சம் போனதும் தங்கைதான் எழுந்து போட்டாள். போட்டுவிட்டு முன்னறைக்கு வந்து, அக்காவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை விசாரணையாம். உன்னையும் கூப்புடுவாங்களாம்."

"ம்."

"அவரு தட்டுனாராமே. இவரு கேட்கலைங்கறாரு."

"தட்டுனாரு."

"உனக்குக் கேட்டுச்சா?"

மடிப்பக்கா தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அந்த மனுசனுக்குப் புள்ளகுட்டி இருக்கான்னாவது தெரியுமா உனக்கு? பேரு தெரியுமா? பதினோரு வருசம் பக்கத்துல நின்னியே, ஒரு வார்த்தை பேசியிருக்கியா?"

"இல்லடி."

"ஒரு வார்த்தை பேசாத ஆளுக்காக எங்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்றாதக்கா. கேட்கலன்னு சொல்லு. பொய்கூடச் சொல்ல வேணாம். ஒண்ணுமே சொல்லாத. உனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியுமே."

கடைசி வார்த்தையில் தங்கைக்கே அழுகை வந்துவிட்டது. மடிப்பக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவின கை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கியது யார் கை என்று எல்லோருக்கும் தெரியும். 'ஆச்சு' என்று சொன்னது யார் வாய் என்று அவளுக்கு மட்டும்தான் உறைத்தது. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். இரண்டும் சொன்னால் இந்தக் கட்டிலும் இருக்காது, அந்த வேலையும் இருக்காது. சொல்லாவிட்டால், ஓர் ஆள் தன் கையைத் தானே கொண்டுபோய் இயந்திரத்தில் கொடுத்தான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மூடிவிடுவார்கள். கையெழுத்துப் போட அவருக்குக் கையும் இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, குறிப்பெடுக்கும் பெண். மேசையில் ஒரு படிவம்.

"பயப்படாம பேசுங்கம்மா. இது உங்க குடும்பம்" என்றார் மேலாளர்.

"அதான் பயமா இருக்கு சார்."

பாதுகாப்பு அதிகாரி படிவத்தில் விரலை வைத்தார். "காயம்பட்டவர், கையை உள்ள விடுறதுக்கு முன்னாடி எச்சரிக்கை குடுத்தாரா?"

"குடுத்தாரு. எனக்குக் கேட்டுச்சு." அவள் தண்ணீர் குடித்துக்கொண்டாள். "கேட்டும் நான் ஆச்சுன்னு சொல்லிட்டேன். என் தங்கச்சி புருசன் ஆச்சான்னு கேட்டாரு, நாங்க மூணு பேரும் சொன்னோம், அவரு ஓட்டிட்டாரு. எழுதிக்கங்க. எங்க நாலு பேரு மேலதான் தப்பு."

குறிப்பெடுக்கும் பெண்ணின் பேனா நின்றது. அதிகாரி இருமினார்.

"அதுக்கு அப்புறம் வருவோம்மா. எச்சரிக்கை எந்த மொழியில குடுத்தாரு? இங்க நாலு மொழி இருக்கு. ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணணும்."

"மொழியில இல்லைங்க. தட்டுனாரு."

"தட்டுறது மொழி ஆகாதேம்மா."

"'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருக்குமே?"

"இருந்துச்சு. ரொம்பப் பேரு அதுலயே டிக் பண்றாங்கன்னு எடுத்துட்டோம்." அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். "அவரு என்ன சொன்னாரு, வார்த்தையா சொல்லுங்க."

மடிப்பக்காவிடம் அதற்கு வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாததால்தான் அது பதினொரு வருடம் தவறாமல் நடந்தது என்று விளக்கவும் வார்த்தை இல்லை. அவள் முட்டியை மடக்கி மேசையில் மூன்று தட்டுத் தட்டினாள். தண்ணீர் டம்ளர் மூன்று தடவை குலுங்கியது. ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. எச்சரிக்கை: தரப்படவில்லை. காரணம்: காயம்பட்டவர் பொதுமொழி எதுவும் அறியாதவர். பரிந்துரை: எச்சரிக்கைப் பலகைகளை நான்கு மொழிகளில், பளபளப்புத் தாளில் அச்சிடுவது. இணைப்பாக ஒரு வரி: 'சாட்சி மும்முறை மேசையைத் தட்டி ஆத்திரத்தை வெளிப்படுத்தினார்.' அதற்காக மடிப்பக்காவுக்கு அரைநாள் வகுப்பு. தலைப்பு, 'பிற பண்பாட்டினருடன் மரியாதையாக உரையாடுவது எப்படி?' அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஆக, அவள் சொன்னதில் மாப்பிள்ளை மேல் ஒரு தூசியும் படவில்லை. ஆனால் சொன்னாள் என்பது வீட்டுக்கு எட்டிவிட்டது. தங்கை அவளோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போவாள், ஆஸ்பத்திரியில் வைப்பது மாதிரி. ஒரே மொழி பேசும் மூன்று பேர் இருந்த அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின.

மடிப்பக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கப்பல்காரர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வலது கை மணிக்கட்டோடு முடிந்து, வெள்ளைத் துணி உருண்டையாக மார்பில் கிடந்தது. அவர் கால்மாட்டில், மாற்றுவதற்கு வைத்திருந்த விரிப்பின் கடைசி மடிப்பு உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகு வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நானும் ஆச்சுன்னு சொன்னேன்" என்றாள் தன் மொழியில். "கேட்டுச்சு எனக்கு. கேட்டும் சொன்னேன்."

அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் இரண்டு கையையும் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். பழக்கத்தில் வலதும் கூடவே எழுந்தது, துணி உருண்டையாக.

*

அந்த வருட அறிக்கைப் புத்தகத்துக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தது. மொழிவாரியாகப் பிரித்த ஷிப்டை அப்படியே எடுத்தால் எல்லா முகமும் ஒரே மாதிரி விழுகிறது என்று படக்காரர் கையை விரித்துவிட்டார். எனவே அரைமணி நேரத்துக்கு மட்டும் பழைய கலவையைத் திரும்பக் கொண்டுவர மேலாளர் உத்தரவிட்டார். சுரங்கக்காரரும் ரொட்டியம்மாவும் முன்பக்கம் வந்தார்கள். பின்பக்கம் மடிப்பக்கா. கப்பல்காரர் இடத்துக்கு ஒரு முகம் குறைந்தது. அலுவலகத்துக் கணக்கரின் நிறம் பொருத்தமாக இருந்ததால் அவருக்கு ஒரு சீருடையை மாட்டி, படத்தில் விழும்படி முன்பக்கம் நிற்கவைத்தார்கள். அவர் வாழ்நாளில் தன் வீட்டு விரிப்பைக்கூடத் தொட்டவரில்லை.

"புகை வர்ற மாதிரி ஓடணும்" என்றார் படக்காரர். மாப்பிள்ளை பச்சையை அமுக்கினார். கணக்கர் விரிப்பைக் கோணலாகக் கொடுத்தார். அது நேராகப் போய் உருளையில் சுற்றிக்கொண்டது. சிவப்பு. பெரிசு நின்றது.

மடிப்பக்கா மரக்குச்சியை எடுத்தாள். கோடிக்குப் போனாள். குழாயின் முன் நின்றாள். கப்பல்காரர் தட்டித் தட்டிப் பளபளப்பாகிப்போன இடம் இன்னும் அங்கே இருந்தது.

டங். டங். டங்.

முன்பக்கத்தில் சுரங்கக்காரரின் கை எழுந்தது. ரொட்டியம்மாவின் கை எழுந்தது. நாலு உள்ளங்கை. மடிப்பக்கா குனிந்து உருளைக்கு அடியில் தோள் வரை கையை விட்டாள். விரிப்பு இரண்டு இழுப்பில் வந்துவிட்டது. கை வரவில்லை. அவள் எடுக்கவில்லை. சூடு புறங்கையில் ஊசியாகக் குத்தியது. அப்படியே வைத்திருந்தாள்.

"ஆச்சா?" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அவர் இருந்த இடத்திலிருந்து அவளைப் பார்க்க முடியாது.

"ஆச்சு, ஆச்சு" என்றார் கணக்கர், விரிப்பு வெளியே விழுந்ததைப் பார்த்து.

"ஆச்சுப்பா, ஓட்டு. வெளிச்சம் போகுது" என்றார் மேலாளர்.

மடிப்பக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளைக்கு அவள் மொழி புரியாததில்லை. பெரிசின் சூடேறாத ஓரச் சட்டத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். இருபது வருடத்துக்கு ஒரு வருடம் குறைவாக அவளுக்குச் சோறு போட்ட கை அது. பந்தயத்துக்கு வைக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.

மாப்பிள்ளையின் விரல் பச்சைப் பொத்தான் மேல் இருந்தது. எதிரே இரண்டு பேர், நாலு உள்ளங்கை, அசையாமல். சுரங்கக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், குழிக்குள் இறங்கியவர்களை எண்ணுகிறவர் மாதிரி.

"என்னப்பா, காது கேட்கலையா?" என்றார் மேலாளர்.

"கேட்குது சார்" என்றார் மாப்பிள்ளை. "கேட்குது."

விரலை எடுத்தார். இரண்டு கையையும் தூக்கினார். உள்ளங்கையைக் காட்டினார். என்ன ஏது என்று புரியாத கணக்கரும், எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கிவைத்தார்.

படக்காரர் அந்த நேரம் பார்த்துச் சொடுக்கிவிட்டார். புத்தகத்தின் அட்டையில் அந்தப் படம்தான் வந்தது: நாலு பேர், எட்டு உள்ளங்கை, பின்னால் வெள்ளைப் புகை. கீழே, 'உற்சாகத்தில் கையுயர்த்தும் நம் பல்லினக் குடும்பம்'. மடிப்பக்கா படத்தில் இல்லை. அவள் பெரிசுக்குப் பின்னால் இருந்தாள்.

அவள் நிதானமாகக் கையை வெளியே எடுத்தாள். விரல்களை எண்ணுவது போல விரித்து மடக்கினாள். புறங்கையில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. பிறகு குழாயில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். பெரிசு ஓடியது.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் மாப்பிள்ளை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி. அன்னிக்கும் கேட்டுச்சு."

"தெரியும்."

"பழைய ஆளு, பழக்க தோசத்துல தட்டுறாருன்னு நெனச்சேன். நீங்கல்லாம் ஆச்சுன்னு சொன்னீங்க. நம்ம ஆளுங்க சொல்றாங்களேன்னு..."

"நம்ம ஆளுங்கதான் சொன்னோம்" என்றாள் மடிப்பக்கா. "நானும் சொன்னேன்."

அடுத்த நிறுத்தம் ஆஸ்பத்திரி. அவள் எழுந்தாள். அவரும் எழுந்தார்.

கப்பல்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் கரண்டியை வைத்துக்கொண்டு கஞ்சியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பாதி சட்டையில் இருந்தது. மாப்பிள்ளை கால்மாட்டில் போய் நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் மடிப்பக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அன்று கூடத்தில் கற்றுக்கொண்டதைச் செய்தார். இரண்டு கையையும் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். கண்ணில் நீர் வழிய, கையை இறக்காமல் நின்றார்.

கப்பல்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். இரண்டையும், பத்து விரலையும், மெதுவாக, ஒன்று விடாமல் பார்த்தார். தன் கையைத் தூக்கவில்லை. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டினார்.

டங். டங்.

மறுபடி கஞ்சிக்குத் திரும்பிவிட்டார்.

"என்ன சொல்றாரு அண்ணி?"

"பொறுங்கறாரு."

"எவ்வளவு நாளைக்கு?"

மடிப்பக்கா கால்மாட்டில் கிடந்த விரிப்பை எடுத்து, கலைந்திருந்த கடைசி மடிப்பைச் சரிசெய்து, திரும்ப வைத்தாள்.

"அத அவருதான் தட்டணும் மாப்பிள்ள" என்றாள். "நீங்க கைய எறக்குங்க. இன்னிக்கு ஆகாது."